கணையத்துக்கு வைத்த ஹாரன்

கணையத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. வயிற்றுக்குள் இருக்கும் உறுப்பின் மேல் மனுசன் கோபப்படுவானா என்று கேட்கலாம். நான் படுகிறேன்.

நாமக்கல் லாரிப் பட்டறையில் ஏர் பிரேக் வேலை எனக்கு. படிப்பு அஞ்சாவது. அதிகம் பேசமாட்டேன், இந்த ஒரு விஷயம் தவிர.

என் மகள் நிவேதா பன்னிரண்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. ஜெயிக்கிற ஒருத்தர் மட்டும் சேலத்தில் நடக்கும் பெரிய கண்காட்சிக்குப் போகலாம். அவளுக்குப் போயே ஆகவேண்டும். மற்ற பிள்ளைகள் எரிமலை, காற்றாலை என்று எடுக்க, இவள் கணையத்தை எடுத்தாள்.

"நாம சாப்பிட்டதும் கணையம் ஜீரண நீரோட ஏ.டி.பி.ன்னு ஒண்ணையும் வெளியே உடுதுங்கப்பா. செல்லுக்குள்ள இருந்தா அது சக்தி. வெளியே வந்தா சேதி. கணையக் குழாய்ல இருக்கிற செல்லு அதைக் கேட்டு இன்னும் நீரைச் சுரக்கும்."

"அப்ப அது ஹாரன்."

"அதேதானுங்கப்பா!" கையைத் தட்டினாள். (அந்தக் கைதட்டலில் விழுந்தவன்தான்.) "பொறவு நொதி வந்து அதை உடைச்சுப் போடும்."

"கணையமே செஞ்சு, கணையமே உடைக்கறதா? என்ன பொழப்பு சாமி இது?"

"உடைக்காட்டி சேதி நிக்காதுங்கப்பா."

படம் போட்டுக் கொடுத்தாள். பழைய பிரேக் டேங்கில் காற்று. பெடலை மிதித்தால் லாரி ஹாரன் அடிக்கும். அதுதான் ஏ.டி.பி. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் இன்னொரு வால்வு திறந்து, காற்றை வெளியே விட்டு ஹாரனை நிறுத்தும். அது நொதி.

அடைத்த காற்றை வீணாக வெளியே விடுவதா? எனக்கு மனசு ஒப்பவில்லை. நல்ல ஸ்பிரிங் போட்ட பெடல், காலை எடுத்தால் தானாக மூடும். நிறுத்துவதற்குத் தனியாக ஒரு ஆள் எதற்கு? கணையத்துக்கு வேலை தெரியவில்லை என்று முடிவு செய்தேன். (அஞ்சாவது படித்தவன் செய்த முடிவு.) அந்த வால்வை வைக்காமல், ஒரு மரக்கட்டையைப் பொத்தான் மாதிரி அறுத்து, சிவப்பு பெயிண்ட் அடித்து, பெடல் பக்கத்தில் ஆணியடித்தேன். அவளிடம் சொல்லவில்லை. எங்கள் ஊட்டில் ஒத்திகை பார்த்தபோது காலை எடுத்துக்கொண்டே கட்டையை அமுக்கினாள். ஹாரன் நின்றது. கட்டைதான் நிறுத்தியது என்று நம்பினாள்.

கண்காட்சி அன்று வெள்ளைச் சட்டை போட்டேன். வெள்ளைச் சட்டைக்கு ஸ்பேனர் எதற்கு என்று பட்டறையிலேயே வைத்துவிட்டேன்.

பரிசு கொடுக்க வந்த பேராசிரியர் நிவேதாவின் மேசைக்கு வந்தார். தண்ணீர் ஓடுவது போல விளக்கம் சொன்னாள். பெடலை மிதித்தாள். ஹாரன் அலறியது. காலை எடுத்துக் கட்டையை அமுக்கினாள்.

நிற்கவில்லை.

மறுபடி அமுக்கினாள். குத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

ஸ்பிரிங் சிக்கிக்கொண்டது. (பதினெட்டு வருசம் ஓடிய லாரியின் ஸ்பிரிங், அன்றைக்குப் பார்த்து.) பெடலை உதைத்தேன். வரவில்லை. காற்று போகும் ஓசுக் குழாயைப் பிடித்து மடக்கினேன். பிரேக் ஓசு மடங்குமா? பள்ளிக்கூடமே காதைப் பொத்தியது. தலைமையாசிரியை வாயசைத்தது தெரிந்தது. என்ன திட்டினார் என்று கேட்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். டேங்கில் காற்று தீரும்வரை அடித்து, கடைசியில் மாடு முனகுவது போல முனகி நின்றது.

"யாருங்க இதைச் செஞ்சது?" என்றார் தலைமையாசிரியை.

நான் சுவரைப் பார்த்தேன்.

பேராசிரியர் காதைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா, அந்த நொதி வேலை செய்யலைன்னா என்ன ஆகும்?"

"இதுதானுங்க சார் ஆகும்," என்றாள் நிவேதா. "நொதியை எங்கப்பா கட்டையில செஞ்சுட்டாருங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல விளக்கம் என்றும் சொன்னார். பரிசு மட்டும் எரிமலைக்குப் போனது. சோடா மாவு எரிமலை! வருசா வருசம் அதே எரிமலை! என் மகள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. தப்பு ஸ்பிரிங்கில். அதற்கு அவளுக்கு ஏன் தண்டனை?

பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்கப்பா?"



இப்போது சேலத்தில் லேப் டெக்னீசியன் படிப்பு படிக்கிறாள். லீவில் வரும்போது யாராவது விருந்தாளி இருந்தால் நான் எரிமலைக்கதையை ஆரம்பிப்பேன். கொஞ்ச நேரம் பார்ப்பாள். "ஏனுங்கம்மா, அந்த நொதியை எடுங்க," என்பாள். என் ஊட்டுக்காரி டி.வி. மேல் இருக்கும் சிவப்புக் கட்டையை எடுத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள். மகள் ஒரு அமுக்கு அமுக்குவாள்.

அதில் வால்வும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நான் நின்றுவிடுகிறேன்.