தேங்காய்க்கு மூன்று கிரெடிட்

கிழக்குக் கரையோரம் கல்முனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் இப்போது ஒரு மனிதர் தேங்காயோடு நடந்தால் போதும், பின்னால் ஊரே நடக்கிறது. அவர் பெயர் முகைதீன்பாவா. தொழில், நீர் பார்ப்பது. கிணறு வெட்டப் போகிறவர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வீட்டு வளவைச் சுற்றி வருவார். ஓரிடத்தில் தேங்காய் விறைத்து எழும்பி நிற்கும். அங்கே தோண்டினால் தண்ணீர். அவர் காட்டிய அத்தனை இடத்திலும் தண்ணீர். வேன் கதவில் 'நூற்றுக்கு நூறு' என்று எழுதியிருந்தார். பொய் என்று யாராலும் சொல்ல முடியாது.

அவர் காட்டாத இடத்தை ஒருவரும் தோண்டிப் பார்த்ததில்லை. அதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

மருதமுனைப் பாத்தும்மாவின் வளவில் தேங்காய் நேராகக் குசினிக்குள் போய் எழும்பி நின்றது. வளவு மூலை சும்மா கிடக்கிறதே, அங்கே தோண்டக் கூடாதா என்று கேட்டார் பாத்தும்மா. "அங்க ஒரு சொட்டும் இல்ல புள்ள. அடியில முழுக்கப் பாறை" என்றார் பாவா. பாத்தும்மா குசினியை இடித்தார். தண்ணீர் வந்தது. ஊர் வாயைப் பிளந்தது. பாத்தும்மா இன்றைக்கும் தகரக் கொட்டிலில்தான் சமைக்கிறார். மழை ஒழுகி அடுப்பு அணையும்போதுகூட பாவாவைப் புகழ மறப்பதில்லை.

இந்தப் புகழ் நீலக்கரைப் பட்டக் கல்லூரிக்கும் எட்டியது. அது ஒரு தனியார் கல்லூரி. விஞ்ஞானமாணிப் பட்டத்துக்குப் புதிய பாடவிதானம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பீடாதிபதி இன்ஸாபுக்கு ஒரே கவலை, பிள்ளைகள் சேருகிறார்கள் இல்லை. பௌதிகம் என்றால் ஓடுகிறார்கள், தேங்காய் என்றால் கூடுகிறார்கள். படித்த மனிதர் அல்லவா, வழி உடனே தெரிந்துவிட்டது.

'பாரம்பரிய நீர் விஞ்ஞானம்', மூன்று கிரெடிட், விரிவுரையாளர் முகைதீன்பாவா. ஆனால் பட்டத்தின் மொத்தக் கிரெடிட்டைக் கூட்ட முடியாது. ஒரு பாடத்தை ஏற்றினால் இன்னொன்றை இறக்க வேண்டும். முதலாம் வருட ஆய்வுகூடச் செய்முறையை இறக்குவதென்று பாடவிதானக் குழு முடிவெடுத்தது.

செய்முறையைப் படிப்பித்தவர் அம்ஹா என்ற இளம் பெண் விரிவுரையாளர். பாடம் போனால் அவருடைய வேலையும் போகும். அதைவிட, தராசைத் தொட்டுப் பாராமலே பிள்ளைகள் விஞ்ஞானப் பட்டம் வாங்கிக்கொண்டு போவார்களே என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை.

"சேர், செய்முறை இல்லாம ஒரு விஞ்ஞானப் பட்டமா?" என்று குழுக் கூட்டத்திலேயே கேட்டார் அம்ஹா.

"செய்முறையில கண்ணாடிக் குழாய் உடையிது, எல்லாம் நட்டம். தேங்கா உடஞ்சா சம்பலாவது இடிக்கலாம்" என்றார் இன்ஸாப்.

குழு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய கலாநிதிகள்.

பெற்றோரையும் ஊர்ப் பெரியவர்களையும் கூட்டி ஒப்புதல் வாங்குவதுதான் பாக்கி. மாரி மழை ஓய்ந்த கையோடு கல்லூரி வளவில் பந்தல் போட்டார்கள். பந்தல் கொள்ளாத சனம். பாத்தும்மா முன் வரிசையில் இருந்தார். பாவா ஆய்வுகூட வெள்ளைக் கோட்டுப் போட்டு வந்தார். அதுவரை அந்தக் கோட்டுக்கு இருந்த மரியாதை அன்றோடு போயிற்று.

"தேங்காக்குள்ளயும் தண்ணி, பூமிக்குள்ளயும் தண்ணி. ரெண்டும் ஒண்டையொண்டு தேடும். இதுக்குத்தான் வெள்ளக்காரன் குவாண்டம் எண்டு பேர் வச்சிரிக்கான்" என்றார் பாவா.

கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது. பிறகு மேடைக்குப் பக்கத்தில் தேங்காய் எழும்பி நின்றது. சனம் "சுபஹானல்லாஹ்" என்றது. ஒப்புதலுக்குக் கை உயர்த்தச் சொல்ல இன்ஸாப் எழுந்தார். அவருக்கு முன்னால் அம்ஹா எழுந்து, அண்ணன் முறை வைத்துப் பாவாவைக் கூப்பிட்டார்.

"பாவா காக்கா, தண்ணி இரிக்கிற எடத்தக் காட்டினீங்க. இல்லாத எடத்தயும் தேங்கா காட்டுமா?"

"ஏன் காட்டாது? படுத்துக் கிடந்தா தண்ணி இல்ல."

"அப்ப இந்த வளவுல தண்ணி இல்லாத எடம் ஒண்டக் காட்டுங்க."

பாவாவுக்கு இது பழகிய வேலை. சைக்கிள் கொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தேங்காய் அசையாமல் படுத்துக் கிடந்தது.

"இந்தா, இதுக்குக் கீழ முழுக்கப் பாறை. எவ்வளவு தோண்டினாலும் புழுதிதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க காக்கா."

"என்ட தேங்கா பொய் சொல்லாது மகள்."

இத்தனை காலமும் அவர் இல்லை என்று சொன்ன இடத்தில் யாரும் மண்வெட்டி வைத்ததில்லை. அம்ஹா வைக்கச் சொன்னார். அவருடைய மாணவர்கள் நாலைந்து பேர் இறங்கினார்கள்.

"இல்லாத எடத்துல என்னத்துக்குப் புள்ள தோண்டுற?" என்று பாவா கேட்டபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

முழங்கால் ஆழத்தில் மணல் ஈரமானது. இடுப்பளவு போனதும் குழியின் அடியில் தண்ணீர் ஊறி வந்தது. பாறையைத்தான் காணவில்லை.

"இது மேல் தண்ணி. கணக்கில்ல" என்றார் பாவா.

"நீங்க காட்டுற கிணறெல்லாத்துலயும் வாறது இதே தண்ணிதான்" என்ற அம்ஹா சனத்தைப் பார்த்துத் திரும்பினார். "கிழக்கால கடல், மேற்கால வயல். நடுவுல நாம குடியிரிக்கிறது மணலுக்கு மேல. பெய்யிற மழையெல்லாம் இதுக்குள்ளதான் நிக்கிது. இந்தக் கரையில எங்க தோண்டினாலும் தண்ணி வரும். வராத எடத்தக் காட்டினாத்தான் அதிசயம்."

"அப்ப தேங்கா எப்பிடி எழும்பிச்சி?" என்று யாரோ கேட்டார்கள்.

அம்ஹா பாவாவின் கையிலிருந்த தேங்காயை வாங்கித் தன் உள்ளங்கையில் படுக்க வைத்தார். மணிக்கட்டைக் கொஞ்சம் சரித்து விரலை மடக்கினார். தேங்காய் எழும்பி நின்றது. குவாண்டம் அவ்வளவுதான்.

பாத்தும்மா முன்னால் வந்தார்.

"அப்ப என்ட வளவு மூலையில தோண்டியிருந்தா?"

"வந்திருக்கும் ராத்தா."

"என்ட குசினி?"

பாவா வேனை நோக்கி நடந்தார். பாத்தும்மா அவரை முந்திப் போய் வேனுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"குசினியக் கட்டித் தந்திட்டுப் போங்க."

இன்ஸாப் அங்கேயே தேங்காயை இறக்கிவிட்டுச் செய்முறையைப் பாடவிதானத்தில் திரும்ப ஏற்றினார். பாவாவைச் சோதித்துப் பார்க்கவே தான் கூப்பிட்டதாகவும் கொஞ்சமும் கூசாமல் சொன்னார். அதற்கும் கலாநிதிகள் கை தட்டினார்கள்.

உங்கள் ஊருக்கும் ஒருவர் நூற்றுக்கு நூறு என்று வருவார். கையில் தேங்காய்தான் இருக்கும் என்றில்லை. அவர் இல்லை என்று சொல்கிற இடத்தில் முதலில் ஒரு மண்வெட்டி போட்டுப் பாருங்கள். குசினியை எப்போது வேண்டுமானாலும் இடிக்கலாம்.