ஸ்டிக்கர் வராத கடை

சகலையின் கடைக்கு எட்டுப் பெட்டி ஸ்டிக்கர் வந்து இறங்கிய அதே திங்கட்கிழமை, மேனேஜரின் கடைக்கு வந்து இறங்கியது ஒரு நோட்டும், அதைக் கையில் வைத்திருந்த ஒரு பெண்ணும்தான்.

"தலைமை அலுவலகத்துல அனுப்பியிருக்காங்க சார். ஆய்வு. ஒரு மாசம் இங்க உட்கார்ந்து எண்ணிக்கிட்டு இருப்பேன்," என்றாள் அவள்.

"எதை எண்ணுவீங்க?"

"யார் எந்தத் துணி துவைக்கற பவுடரை எடுக்கறாங்கன்னு. நீங்க வழக்கம்போல இருங்க சார்."

சொல்லிவிட்டு, துணி பவுடர் வரிசையின் கோடியில் ஒரு மடக்கு ஸ்டூலை விரித்து உட்கார்ந்துகொண்டாள்.

விஷயம் இதுதான். பன்னிரண்டு சூப்பர் மார்க்கெட் கிளைகள் வைத்திருந்த அந்த நிறுவனத்துக்குத் திடீரென்று மனசாட்சி வந்திருந்தது. வழக்கப்படி சுற்றறிக்கை மூலமாகத்தான் வந்தது. பச்சை முத்திரை போட்ட ஒரு துணி பவுடரை எல்லாக் கடையிலும் வைத்தார்கள். அதைத் தயாரிப்பவர்களுக்கு நியாயமான கூலி கிடைக்கிறது, ஆற்றுத் தண்ணீர் நுரைப்பதில்லை. வாடிக்கையாளர்கள் அதைக் கையில் எடுப்பார்கள், பின்னால் எழுதியிருப்பதைப் படிப்பார்கள், "நல்ல விஷயம்" என்று மனம் நிறைந்து சொல்வார்கள், திரும்ப வைத்துவிட்டுப் பழைய பவுடரை எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஆகவே மனித மனத்தைக் கரைத்துக் குடித்த நிபுணர்களை வரவழைத்தார்கள். ஜனங்களுக்குப் புத்திமதி சொல்ல வேண்டாம், ஸ்டிக்கரை ஒட்டி அலமாரியை இடம் மாற்றினால் போதும், அவர்களாகவே நல்லவர்கள் ஆகிவிடுவார்கள் என்று நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் மேனேஜருக்குத் தெரிந்தது சகலையின் மூலமாகத்தான். அவருடைய மனைவியின் தங்கை கணவர், அதே நிறுவனத்தில் நான்காம் கிளை மேனேஜர்.

"தரையில பச்சைப் பாதம் ஒட்டியிருக்கோம் சகல. ஜனங்க அது பின்னாடியே போறாங்க. உங்களுக்கு இன்னும் வரலையா? அடடா," என்றார் சகலை போனில்.

அந்த 'அடடா'வை மேனேஜரால் பொறுக்க முடியவில்லை. உடனே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"இந்த ஆய்வுக்கே உங்க கடைதான் ரொம்ப முக்கியம்," என்றார் அங்கிருந்த அதிகாரி. "சொதப்பாம முடிச்சுக் கொடுங்க. வட்டார மேலாளர் பதவியைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

மேனேஜர் இதை வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை.

"முக்கியமான கடைன்னா ஒரு ஸ்டிக்கராவது அனுப்ப மாட்டாங்களா? வழக்கம்போல இருங்கன்னா என்ன அர்த்தம்? உங்களைக் கழிச்சுக் கட்டிட்டாங்கன்னு அர்த்தம். என் தங்கச்சி வீட்டுக்காரர் வட்டார மேலாளர் ஆகட்டும். நீங்க அவர் முன்னாடி போய் நின்னு லீவு கேளுங்க."

மேனேஜர் பதினோரு வருடமாக அதே கடையில் இருந்தார். கடைச் சுவர்க் கடிகாரம் அதில் ஆறு வருடமாகப் பத்தே கால் காட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் வரிசையில் ஒரு டியூப்லைட் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. துடைப்பங்களின் மேல் தொங்கிய 'புதிய வரவு' அட்டையை வைத்தவரே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். மேனேஜர் எதையும் தொட்டுக் கெடுத்தவர் இல்லை. எதையும் தொட்டவரே இல்லை.

அப்படிப்பட்டவர் வேலை செய்வது என்று முடிவெடுத்தார்.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே வந்து, ஷட்டருக்கு அடித்த மிச்சப் பச்சைப் பெயின்ட்டைத் தேடி எடுத்தார். தன் காலையே அட்டையில் வைத்துக் கோடிழுத்து, அந்த அச்சை வெட்டி, வாசலிலிருந்து பச்சை முத்திரை பவுடர் வரை முப்பது பாதங்களைத் தரையில் வரைந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. பெயின்ட் காய்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

மதியத்துக்குள் கடை முழுவதும் பாதங்கள்.

துப்புரவு வேலை பார்க்கும் அம்மா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நிலவரம் சொன்னார். "பாதி காலு பிஸ்கட் பக்கம் போகுது சார். மீதி ஐஸ்கிரீம் பெட்டிகிட்ட நிக்குது. ரெண்டு பேரு பாத்ரூம் வரைக்கும் போயிட்டு வந்திருக்காங்க. பவுடர் பக்கம் ஒருத்தர் போயிருக்கார். அது நீங்கதான்."

ஸ்டூலில் இருந்த பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் மேனேஜர்.

"நான் எதுவும் சொல்லக் கூடாது சார். விதி."

"புரியுது, புரியுது," என்று அவர் கண்ணைச் சிமிட்டினார். அவள் வாயடைத்துப் போய்விட்டாள் என்பதில் அவருக்குப் பரம திருப்தி.

அடுத்த வாரம் சகலை இன்னொரு ரகசியத்தை அவிழ்த்துவிட்டார். ஊரே செய்கிறது என்று சொன்னால் மனிதன் தானும் செய்வானாம். மேனேஜர் ஒரு பெரிய அட்டை எழுதி மாட்டினார்: 'இந்தப் பகுதியில் பத்தில் எட்டுக் குடும்பங்கள் இதையே வாங்குகின்றன.' யார் எண்ணியது என்று அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு டீச்சர் அட்டையை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தார். பிறகு பச்சை முத்திரைப் பொட்டலத்தின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்து, விரலை மேனேஜரிடம் காட்டினார்.

"எட்டுக் குடும்பம் வாங்கியும் இவ்வளவு தூசியா?"

"அது வந்து... வேகமா வந்து இறங்குற சரக்கு மேடம். வழியில படிஞ்ச தூசி."

"அப்படியா. மீதி ரெண்டு குடும்பம் வாங்குறது எந்தப் பவுடர்? அதைக் காட்டுங்க. அவங்கதான் யோசிச்சு வாங்குறவங்க மாதிரி தெரியுது."

பின்னால் நின்ற மூன்று பேரும் அந்த இரண்டு குடும்பத்தில் சேர்ந்துகொண்டார்கள். ஸ்டூல் பெண்ணின் பென்சில் முனை முறிந்தது.

மூன்றாவது வாரம் கண்கள். அலமாரிக்கு மேல் ஒரு ஜோடிக் கண் படம் இருந்தால், யாரோ பார்க்கிறார்கள் என்று ஜனங்கள் ஒழுங்காக நடந்துகொள்வார்களாம். சகலை கடைக்கு அச்சடித்த கண்களே வந்திருந்தன. மேனேஜர் கண்ணுக்கு எங்கே போவார்? இந்த உலகத்தில் அவரை ஒழுங்காக நடக்க வைத்த கண்கள் ஒரே ஒரு ஜோடிதான். மகளின் பிறந்தநாள் போட்டோவிலிருந்து அவற்றை வெட்டி, இரண்டடி அகலத்துக்குப் பெரிதாக்கி, பழைய பவுடருக்கு மேல் மாட்டினார்.

பலன் உடனே தெரிந்தது. பழைய பவுடரை யாரும் எடுக்கவில்லை. பச்சை முத்திரையையும் எடுக்கவில்லை. அந்த வரிசைக்குள்ளேயே யாரும் நுழையவில்லை. மேனேஜரே எண்ணெய் வரிசை வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினார்.

நான்காம் நாள் மனைவி கடைக்கு வந்தார்.

"இது யாரோட கண்ணு?"

"இன்டர்நெட்டுல எடுத்தது."

"என் இடது புருவத்துல இருக்கற தழும்பு, உங்க அம்மா வீட்டுப் பரண் கதவு இடிச்சது. அதுவும் இன்டர்நெட்டுல இருக்கா?"

சாயங்காலத்துக்குள் கண்கள் கீழே இறங்கின. மேனேஜரின் சாப்பாட்டுத் தட்டு மட்டும் ஒரு வாரம் 'ணங்' என்று மேஜையில் இறங்கியது.

மாதம் முடிய மூன்றே நாள். அன்று சகலை போனில், "பதவி கிடைச்சா முதல்ல உங்க கடைக்குத்தான் விசிட் வருவேன் சகல. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க," என்று ஆறுதல் சொன்னார். மேனேஜர் போனை வைத்ததும் ஒரு அட்டையில் எழுதினார்: 'பச்சை முத்திரை பவுடர். ஒருவருக்கு இரண்டு மட்டும்.'

ஒரே வரிதான். முதலில் பார்த்த பெண்மணி இரண்டு எடுத்தார். "ஏன் ரெண்டு மட்டும்?" என்று கேஷியரைக் கேட்டார். கேஷியருக்குத் தெரியவில்லை. தெரியாததை ஒப்புக்கொள்வது கவுரவக் குறைவு என்பதால், "இனிமே வராது போலிருக்கு," என்றார்.

அரை மணி நேரத்தில் துணி பவுடரே இனிமேல் வராது என்று தெருமுனை வரை தெரிந்துவிட்டது. குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கைக்குழந்தைக்கும் இரண்டு வாங்கினார்கள். பச்சை முத்திரை தீர்ந்ததும், கட்டுப்பாடே இல்லாத பழைய பவுடரை அட்டைப்பெட்டியோடு தூக்கினார்கள். பிறகு சோப்பு, பிறகு பினாயில். டீச்சர் எட்டுப் பொட்டலத்தோடு போனார், எந்தக் குடும்பக் கணக்கில் என்று தெரியவில்லை. ஸ்டூல் பெண் ஸ்டூலின் மேல் ஏறி நின்று எண்ணிப் பார்த்தாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொண்டாள்.

நான்கு மணிக்கு அந்த வரிசையில் மிச்சம் இருந்தது பச்சைப் பாதங்கள் மட்டுமே.

காலி அலமாரிகளைப் படம் பிடித்து மேனேஜர் சகலைக்கு அனுப்பினார். பதினோரு வருடத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. மனைவிக்குப் போன் செய்து, "உன் தங்கச்சிகிட்ட சொல்லு, லீவு வேணும்னா அவ வீட்டுக்காரர் என்கிட்ட கேட்கட்டும்," என்றார்.

மறுநாள் காலை அதிகாரியின் போன் வந்தது.

"மத்த எல்லாக் கடையையும் விட உங்க கடையில நாலு மடங்கு வித்திருக்கே. என்ன செஞ்சீங்க?"

மேனேஜர் அடக்கமாக எல்லாவற்றையும் சொன்னார். பாதம், அட்டை, கண், கட்டுப்பாடு. அதிகாரி ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "போனை அந்தப் பொண்ணுகிட்ட கொடுங்க," என்றார் அதிகாரி.

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். "ஆமா சார்... முதல் வாரத்துலேருந்தே சார்... சொல்லக் கூடாதுன்னு விதி சார்... ஆமா, பன்னிரண்டு கடையிலயும் திரும்ப முதல்லேருந்துதான் சார்." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டூலை மடக்கினாள்.

"இப்பவாவது வாயைத் திறந்து பேசலாமா?" என்றார் மேனேஜர்.

"பேசலாம் சார். ஆய்வுதான் முடிஞ்சு போச்சே."

"அப்ப இதையும் எழுதிக்குங்க. சகலை கடைக்கு எட்டுப் பெட்டி. எனக்கு ஒரு ஸ்டிக்கர் கிடையாது. தனி ஆளா நின்னு சாதிச்சிருக்கேன். எனக்கு மட்டும் ஏன் எதுவும் அனுப்பலைன்னாவது சொல்லுங்க."

அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"மத்த பதினோரு கடையில வித்தது ஸ்டிக்கராலயா, தானாகவான்னு ஒப்பிட்டுப் பார்க்கறதுக்கு எதுவுமே மாறாத ஒரு கடை வேணும் சார். பன்னிரண்டு மேனேஜர்ல, ஒரு மாசம் முழுக்க ஒரு துரும்பைக்கூட அசைக்காம இருப்பார்னு நம்பி, எல்லாரும் ஒருமனசா கை காட்டினது உங்களைத்தான்."