தேர்ட் பார்ட்டி அக்கா

மாத்தளை டவுனில் பொலிஸைக் கண்டு பயப்படாத ஆட்டோக்காரர்கள் பலர் உண்டு. பொலிஸே கண்டு பயப்படுகிற ஆட்டோக்காரர் ஒருவர்தான். அவர் எங்கள் தேர்ட் பார்ட்டி அக்கா.

கழுத்தில் மாதா பதக்கம், பஸ் ஹோர்னை அடக்கிவிடும் குரல். சொந்தப் பெயர் ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. சட்டம் கேட்கிற ஆகக் குறைந்த காப்புறுதி தேர்ட் பார்ட்டி. நம்மால் இடிபட்டவருக்குத்தான் நட்டஈடு, நம் வண்டிக்கு ஒன்றும் கிடையாது. அதைப் புதுப்பிக்காமல் எவனாவது ஸ்டாண்டுக்கு வந்தால் தொலைந்தான். சாவியைப் பிடுங்கி மடியில் முடிந்துகொள்வார்.

"சொந்த வண்டிக்குப் பிரயோசனமில்லாததுக்கு எதுக்குக்கா இப்படிக் குதிக்கிறீங்க?" என்று ஒருமுறை அவர் ஆட்டோவில் மார்க்கட்டுக்குப் போகும்போது கேட்டேன்.

"வண்டி தகரம் தம்பி, தட்டி நிமித்திக்கலாம். மனுசன நிமித்த முடியுமா?"

ஒருநாள் சோதனைக்கு மறித்த சார்ஜனிடம் காப்புறுதி அட்டையை நீட்டிவிட்டு, "ஒங்க மோட்டர் சைக்கிளுக்கு இருக்குங்களா சேர்?" என்று கேட்டார். சார்ஜன் சட்டைப் பையைத் தடவினார், சீட்டைத் தூக்கிப் பார்த்தார், கடைசியில் "ஹரி ஹரி, யன்ன" என்று சிங்களத்தில் விரட்டாத குறையாக அனுப்பிவைத்தார்.

அப்பேர்ப்பட்டவர்தான் ஒரு மழை நாளில் எல்கடுவ வளைவில் வழுக்கி, ஓரமாகத் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு நடந்த லெச்சுமி என்ற தோட்டத்துப் பெண்ணை இடித்துவிட்டார். லெச்சுமிக்குக் கால் முறிந்தது. ஆட்டோ ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் கவிழ்ந்தது.

லெச்சுமியை ஒரு வேனில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றியதும், கூடியவர்கள் புத்தி சொன்னார்கள். "கையில ஏதாச்சும் குடுத்து முடிச்சிருங்க. பொலிஸுக்குப் போனா லைசன் போயிரும்."

"போனாப் போகட்டும். பொலிஸ்ல பதிஞ்சாத்தான் அவளுக்கு இன்சூரன்ஸ் கெடைக்கும்." நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்தார். "பொலிஸுங்களா? இடிச்சது நான்தான். வெரசா வாங்க!"

நட்டஈட்டு வழக்கு இழுத்தது. காப்புறுதிக் கம்பனியின் லோயர் அக்காவை ஓரமாகக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு குறுக்கே ஓடி வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்கம்மா" என்றார்.

"அவ ஓரமாத்தான் போனா. மாத்திச் சொல்லச் சொன்னா, நீங்க இப்பச் சொன்னதையும் சேத்துக் கூண்டுல ஏறிச் சொல்லுவேன்."

இதில் கூத்து என்னவென்றால், தவணைக்குத் தவணை லெச்சுமியைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கோர்ட்டுக்கு ஏற்றி வந்ததும் அக்காதான். வழக்குப் போட்டவரும் எதிராளியும் ஒரே ஆட்டோவில் வந்திறங்கி, ஒரே பார்சலைப் பிரித்து ரொட்டி தின்பதைப் பார்த்த லோயருக்குத் தலை சுற்றியது.

"அம்மா, நீங்க யாரு பக்கம்?"

"அடிபட்டவ பக்கம். அதுக்குத்தானே வருசா வருசம் கட்டுறேன்?"

லெச்சுமிக்கு நட்டஈடு கிடைத்தது. கால் லேசாக இழுத்தாலும் மறுபடி கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். அக்காவுக்கு அபராதம் விழுந்தது. லைசன் எப்படியோ தப்பியது. ஆட்டோவின் மூக்கு இன்னும் கோணல்தான். சிரிக்கிறவர்களைப் பார்த்து ஹோர்ன் அடித்துக்கொண்டே போவார்.

அக்கா ஸ்டாண்டுக்கு வராத நாட்களில் நான் மார்க்கட்டுக்கு நடந்துதான் போகிறேன். வேறு ஆட்டோ கிடைக்காமல் இல்லை.