திட்டு வாங்கிய கையெழுத்துகள்

சங்கீத உலகத்தில் எங்கள் பழைய செல்லூர்த் தெருக் 'கடுதாசி அண்ணன்' அளவுக்குப் பெரிய மனிதர்களிடம் திட்டு வாங்கியவர் இன்னொருவர் பிறந்திருக்க முடியாது.

எதிர்வீட்டில் நூலுக்குச் சாயம் போடுகிறவர். கீர்த்தனை இயற்றும் வித்துவான்களின் கையெழுத்திட்ட கடிதங்களைச் சேர்ப்பதில் அவருக்கு உயிர்.

"புகழ்ந்து எழுதினா ஒருத்தரும் பதில் போட மாட்டாக. பாட்டுல குத்தம்னு எழுதிப் பாரு, அடுத்த தபால்லயே வரும்" என்பார். வந்தது. கட்டுக்கட்டாக வந்து அவருடைய பெட்டியை நிறைத்தது.

அவர் கை எப்போதும் நீலம். அதனால் கடிதத்தைப் பிரித்து வாசிப்பது என் பொறுப்பு. இடுப்பில் குழந்தையோடு நின்று, 'ஞானசூன்யமே!' என்று ஒரு மகான் எழுதியதை அண்ணன் முகத்துக்கு நேரே எப்படி வாசிப்பது என்று திணறுவேன்.

"சத்தமா வாசி தங்கச்சி! திட்டுனவரு எம்புட்டுப் பெரிய ஆளு!"

தெருவுக்கே கேட்க வேண்டும் அவருக்கு.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் எதற்கும் மசியவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் சாகக்கூடாது என்றிருந்த அண்ணன், கடைசியில் துணிந்து, 'தங்கள் சரணத்தில் தாளம் உதைக்கிறது' என்று எழுதிப் போட்டார்.

பதில் வரவில்லை. பெரியவரே ஜட்காவில் வந்து இறங்கினார்.

"எங்கேய்யா உதைக்கறது? காட்டும்!"

வாசலில் நின்றபடியே தொடையில் தாளம் போட்டுப் பாடினார். தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பால் செரிக்கவில்லையோ, கண் பட்டதோ என்று காலையிலிருந்து என்னைத் தவிக்கவிட்டு அழுத என் மகள்கூட வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணன் அவர் காலில் விழுந்தார். "ஒரு குத்தமும் இல்ல சாமி. உங்க கையெழுத்துக்காகப் பொய் எழுதிட்டேன். ஒண்ணே ஒண்ணு போட்டுக் குடுங்க."

பெரியவர் சிரித்துவிட்டார். "பொய்க்கெல்லாம் கையெழுத்துக் கிடையாது. பாட்டுக் கேட்டீரே, அதை வச்சுக்கும்" என்று வண்டி ஏறிவிட்டார்.

அண்ணன் இடிந்துபோவார் என்று பயந்தேன். அவரோ நெஞ்சை நிமிர்த்தினார்.

"மத்தவுக கடுதாசிதான் போட்டாக. இவுக நம்ம தெருவுக்கே வந்து பாடிட்டுப் போறாக! ஆனா நாளைக்குச் சொன்னா எவன் நம்புவான்? தங்கச்சி, நீ பாத்தேல்ல? அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

அந்தப் பெட்டியில் வைக்க நான் யார்? எழுதினேன், கிழித்தேன், பிழை இருக்குமோ என்று திரும்ப எழுதிக் கொடுத்தேன்.

நாங்கள் அந்தத் தெருவை விட்டு ஆனையூருக்குக் குடிவந்து வெகுநாளாகிறது. பெட்டியைப் பார்க்க வருகிறவர்களிடம், "இது என் தங்கச்சி கையெழுத்து" என்று அதைத்தான் அண்ணன் முதலில் எடுத்துக் காட்டுகிறாராம்.