சித்திரவதை சார்

எடுத்த எடுப்பிலேயே பேச்சில் உச்சாணிக் கொம்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் ஓர் இனம் உண்டு. அலுவலகத்துக்கு ஒருவர், குடும்பத்துக்கு ஒருவர் என்று பார்த்துப் பார்த்து விநியோகித்திருக்கிறார்கள். உங்களுக்கும் ஒருவர் வந்து சேர்ந்திருப்பார். இங்கே வருபவர் ஓர் அச்சகத்தின் மேற்பார்வையாளர். சித்திரவதை என்றால் என்ன? ஒருவரை அணு அணுவாக வதைப்பது. நம்மவரைக் கேட்டால், காபி ஆறிப்போவது.

மின்விசிறி கிறீச்சிட்டால், புதுச் செருப்பு கடித்தால், மாடிப்படியில் முன்னால் போகிறவர் நின்று நின்று ஏறினால், மைத்துனர் போனில் "அப்புறம்?" என்று இன்னொரு முறை கேட்டால், எல்லாமே சித்திரவதை. அச்சகத்தில் 'சித்திரவதை சார்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அது அவர் காதுக்கும் போயிற்று.

"இந்தப் பேரோட காலம் தள்றது இருக்கே... சித்திரவதை!" என்றார்.

போன மாதம் காகிதக் கட்டைப் பிரிக்கும்போது விரலில் மயிரிழை அளவு ஒரு கீறல். அச்சகத் தெருமுனை மருத்துவமனைக்கு ஓடினார். வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டு எழுதிக்கொள்வது அந்த டாக்டரின் வழக்கம்.

"பத்து! அதுக்கு மேல கிடையாதா? சித்திரவதை டாக்டர், சித்திரவதை!"

டாக்டர் பத்து என்று எழுதி, பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவருக்கு விலாவுக்குக் கீழே ஏதோ பிடித்து முறுக்கியது. வேர்த்துக் கொட்டியது. வாயைத் திறந்தார். எதைச் சொல்வது? கைவசம் இருந்த ஒரே பெரிய சொல்லைக் காலையில்தான் சட்டைப் பொத்தானுக்குச் செலவழித்திருந்தார்.

"லேசா... வலிக்குதும்மா."

மனைவி கரண்டியைக் கீழே போட்டாள். "லேசாவா?"

பதினெட்டு வருஷத்தில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. காலுக்கு ஒரு செருப்பாக மாட்டிக்கொண்டு அவரை வண்டியில் ஏற்றினாள்.

டாக்டர் பழைய சீட்டைப் புரட்டினார். "பத்துக்கு எத்தனை?"

"பத்து" என்று முனகினார்.

"விரல் கீறினதுக்கும் பத்துதானே? வெளிய உக்காருங்க. முன்னால நாலு பேர் இருக்காங்க."

பாவம், நிஜமாகவே பாவம். அவரால் எழுந்திருக்கக்கூட முடியவில்லை. நம்பவைக்க ஒரு வார்த்தையும் மிச்சமில்லை.

மனைவி மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர், வீட்லேர்ந்து இங்க வர்ற வரைக்கும் இவரு ஒரு தடவகூட 'சித்திரவதை'ன்னு சொல்லல."

டாக்டர் பேனாவை வைத்தார். "ஒரு தடவகூடவா?"

"வழியெல்லாம் பள்ளம். அதுக்குக்கூடச் சொல்லல."

"சிஸ்டர்! ஊசி கொண்டாங்க, சீக்கிரம்!"

சிறுநீரகக் கல். அரை மணி நேரத்தில் ஊசி வலியை அடக்கியது. கண்ணைத் திறந்தவர், தலையை இப்படியும் அப்படியும் புரட்டினார்.

"என்ன தலகாணி இது? சித்திரவதை!"

மனைவி அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்து, இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள்.

சிரிக்கிறீர்கள். சரி, நேற்று பஸ் பத்து நிமிஷம் தாமதமாக வந்ததற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஞாபகம் இல்லையென்றால் வீட்டில் கேட்டுப் பாருங்கள். வேண்டாம், கேட்காதீர்கள். உங்களோடு குடித்தனம் நடத்துவதற்கு அவர்களும் ஒரு சொல் வைத்திருப்பார்கள்.