மீசை இல்லாதவருக்குப் பாடிய ஒப்பாரி

மட்டாஞ்சேரி
13-8-1979

அன்பில் குறையாத மருமகள் ஸ்வர்ணலதாவுக்கு அத்தை மாடத்தி எழுதுவது. இங்கே மழையைத் தவிர வேறு குறையில்லை. அண்ணனும் மதினியும் நீயும் சுகமாயிருக்க முத்தாரம்மன் துணை.

உன் மாமா காரியத்துக்கு வந்தபோது காலேஜ் கட்டுரைக்கென்று என் ஒப்பாரியை எழுதிக்கொண்டு போனாயே, அதை டைப் அடித்து அனுப்பியது கிடைத்தது. ‘பாடியவர்: மாடத்தி’ என்று கண்டதும் பெருமை தாங்காமல் பக்கத்து வீட்டு மாயம்மாளிடம் வாசித்துக் காட்டினேன், அவளும் புருசனை இழந்தவள்தானே என்று. ‘முறுக்கு மீசைக்காரரே, மூணு கடல் பார்த்தவரே’ என்று வந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“அடியே, இது எங்க வீட்டுக்காரருக்கு நான் அழுததுல்லா! அவருதான் கப்பல்ல போனவரு. உம் புருசனுக்கு மீசை எங்கடி இருந்திச்சு?”

உன் மாமா தினமும் முகம் மழிக்கிறவர். எர்ணாகுளம் போட்டில் ஏறினாலே வாந்தி எடுப்பார். அழுகிற நேரத்தில் வாயில் வந்ததைப் பாடினேன், எல்லாப் பொம்பளையும் அப்படித்தானே, யாரிடம் கேட்டுக்கொண்டா அழுவார்கள்?

“சாவு வீட்டுல எடுத்தா போகட்டும். காலேஜுல கொண்டுபோயி உம் பேரைப் போட்டா அது களவுடீ” என்று சொன்னவள், அதற்கப்புறம் சுக்குப் புடைக்கிற கிட்டங்கிக்கு வேலைக்குப் போகும்போது என்னைக் கூப்பிடவே இல்லை. அவர் போனபிறகு எனக்குப் பேச்சுத்துணை அவள் ஒருத்திதான். நான் சுக்கோடு பேசிக்கொண்டு கிடந்தேன்.

நேற்று நானே போய், “உம் பேரையே போடச் சொல்லுதேன்டி” என்றேன். “பெரிய எழுத்துல போடச் சொல்லு” என்று சாயாவும் கப்பைக்கிழங்கும் தந்தாள். மனசு நிறைஞ்சு போச்சு. அதனால் கட்டுரையை பைண்டு செய்யுமுன் என் பேரை அடித்துவிட்டு, ‘மாயம்மாள் பாட்டு, மாடத்தி இரவல் வாங்கிப் பாடியது’ என்று போடு. யார் சொல்லை எடுத்தாலும் அவர் பேரைச் சொல்லணும் என்று உன் டீச்சரம்மா சொன்னதாக நீதானே எழுதியிருந்தாய்.

பரீட்சையும் கல்யாணமும் தடையில்லாமல் முடிய என் ஆசீர்வாதம்.

அத்தை
மாடத்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் மாயம்மாளுக்கு வாசித்தேன். கேட்டுவிட்டு, “நான் கொச்சங்காடி சந்தனமாரிகிட்டல்லா எடுத்தேன், அவ அப்பனுக்கு அழுதப்போ” என்கிறாள்! இரண்டு பேரும் அங்கே போனோம். சந்தனமாரியோ, “எங்க சித்தி செத்தன்னைக்கு எவளோ பாடினா, நல்லாருந்திச்சு” என்கிறாள். சித்திக்கு மீசையா! மூன்று பேரும் சிரித்துவிட்டோம், அவர் போனபிறகு நான் சிரித்தது இன்றுதான். ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடு. எவள் பேரும் வேண்டாம். ‘செல்லப்பாவுக்காக அழுதது’ என்று உன் மாமா பேரை மட்டும் போடு. பாட்டு யாருடையதாகவும் இருக்கட்டும், அழுகையை நான் எவளிடமும் எடுக்கவில்லை.