மாப்பிள்ளை மெத்தை

விடியற்காலை சுபுஹு பாங்கு சொல்லும்போது இஃபாத் விழித்துக்கொண்டான். இடுப்புக்குக் கீழே மெத்தை நனைந்திருந்தது.

முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டான். அப்புறம் வயிற்றில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தான். கல்யாணத்துக்காக அறை முழுக்கக் கட்டிய பூப்போட்ட மேற்கட்டித் துணி, ஓரிடத்தில் தொப்பை போட்டுத் தொங்கியது. அதற்கு மேலே, ராத்திரி பெய்த மழையில் தளம் ஒழுகிக்கொண்டிருந்தது.

வேறு வீடாக இருந்தால் சத்தம் போட்டிருப்பான். இது மாமியார் வீடு. காரைக்காலில் அவர்கள் வழக்கப்படி, நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். வந்து ஐப்பசியோடு இரண்டு மாதம். மனைவி ஹஃப்ஸா நர்சிங் பயிற்சிக்குப் புதுச்சேரி போயிருந்தாள். மாப்பிள்ளை அறையில் அவன் மட்டும்தான்.

புறப்படும்போது அவன் உம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லியனுப்பினாள். "அங்க எதையும் குறைன்னு சொல்லிடாதடா. அஜ்மீரை நெனச்சுக்க."

அஜ்மீர் இதே தெருவில் வாழ்க்கைப்பட்டவன். வந்த புதிதில், ஃபேன் சத்தம் போடுகிறது என்று மாமியாரிடம் ஒரு வார்த்தை சொன்னான். மறுநாளே புது ஃபேன் வந்தது. கூடவே 'காத்தாடி மாப்பிள்ளை' என்ற பேரும் வந்தது. இப்போது அவன் மகளைக்கூட ஸ்கூலில் காத்தாடி மகள் என்றுதான் சொல்கிறார்கள்.

இஃபாத் போனில் தேடினான். வீட்டுக்குள் மழைநீர் இறங்கினால் செய்ய வேண்டியதை யாரோ விவரமாக எழுதியிருந்தார். முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள் என்றது. அவன் இரண்டாவதிலிருந்து படித்தான்.

நனைந்த துணிகளை உடனே அகற்ற வேண்டுமாம். விரிப்பை உருவி, கட்டியிருந்த கைலியோடு சேர்த்து பாத்ரூமில் அலசி, கொல்லைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினான். மாமியார் நபீசா நின்றிருந்தாள்.

"நீங்க ஏன் மாப்புள தொவைக்கிறீங்க? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

"டீ கொட்டிருச்சு மாமி."

"நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலையே."

விரிப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கத்தில் கைலியும் சொட்டியது. மாமி இரண்டையும் பார்த்தாள்.

"சரி, டீ போடுறேன், வாங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கூடத்தில் மாமா பீர் மைதீன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர். பேப்பருக்குப் பின்னால் மீதியைக் கழித்துக்கொண்டிருந்தார். அவரும் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்தான். இஃபாத் கடந்து போகையில் பேப்பர் லேசாக இறங்கியது. பிறகு ஏறிவிட்டது.

மறுநாள் மழை வலுத்தது. ஒழுகும் இடத்தில் பாத்திரம் வையுங்கள் என்பது அடுத்த யோசனை. சமையலறையிலிருந்து ஒரு பேசினைத் தூக்கிவந்து மெத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றி வளைந்து படுத்தான். விடிந்தபோது பேசின் பாதி நிறைந்திருந்தது. கதவு தட்டப்பட்டது. பேசினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத் திறந்தான்.

"மாவு பெசையிற பேசினைக் காணோம் மாப்புள. இந்தப் பக்கம் வந்துச்சா?"

மாமி கேட்டுக்கொண்டே குனிந்தாள். பழைய சுண்ணாம்பிலும் செங்கல்லிலும் ஊறி இறங்கிய தண்ணீர். நல்ல மஞ்சள் நிறமாக இருந்தது.

அவள் நிமிர நேரமானது. "அது இங்கயே இருக்கட்டும்," என்றாள். "நான் வேற வாங்கிக்கிறேன்."

எவ்வளவு பெரிய மனது என்று இஃபாத் நினைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் மழை விட்டதும் கொஞ்சம் சிமென்ட் வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறினான். விரிசல் மயிரிழைபோலத்தான் இருந்தது. சிமென்ட் பிடிக்கட்டும் என்று ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் சுரண்டினான். ஒரு செங்கல் துண்டு பெயர்ந்து வந்தது. அது தனியாக வரவில்லை, பக்கத்துத் துண்டையும் கூட்டிக்கொண்டு வந்தது. அவன் சிமென்ட்டை அப்பிக்கொண்டிருக்கும்போதே கடல் பக்கத்திலிருந்து மழை திரும்பி வந்தது. சிமென்ட் கரைந்து ஓட்டைக்குள் போவதை நனைந்தபடி பார்த்துக்கொண்டு நின்றான்.

விடிவதற்குள், மாமி பக்கத்தில் நின்று இலவம்பஞ்சு அடைக்க வைத்த கல்யாண மெத்தை மொத்தமாக ஊறிவிட்டது. வெயில் வந்ததும் அதை மாடிக்கு இழுத்துப் போனான். பக்கத்து மாடியில் ஹஃப்ஸாவின் தோழி ஷிஃபா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"முழு மெத்தையுமா மச்சான்?"

"ஒழுகிருச்சு," என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமியார் வீட்டுக் குறை வாயிலிருந்து வந்துவிட்டதே.

"புரியுது மச்சான்." ஷிஃபா பாதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

மெத்தையையாவது காப்பாற்ற வேண்டும். மெடிக்கல் கடைக்குப் போய் ரப்பர் ஷீட் கேட்டான்.

"எத்தனை மாசக் கொழந்தைக்கு?" என்றார் கடைக்காரர் சிலம்பரசன்.

"கொழந்தைக்கு இல்லைங்க. முழுக் கட்டிலுக்கு வேணும்."

"வீட்ல யாரும் படுத்த படுக்கையா?"

"இல்லைங்க. நான்தான் படுப்பேன்."

சிலம்பரசன் ஒரு கணம் அவனையே பார்த்தார். ஷீட்டைப் பேப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, குரலைத் தணித்தார். "வெக்கப்படாதீங்க தம்பி. நெறைய பேர் வாங்கிட்டுப் போறாங்க."

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கொட்டாத டீ, கட்டிலடிப் பேசின், மாடியில் சொன்ன 'ஒழுகிருச்சு' எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. வீடு வரைக்கும் தரையைப் பார்த்தே நடந்தான். தெருவில் இரண்டு பேர் வழக்கத்தைவிட அன்பாக சலாம் சொன்னதாகத் தோன்றியது. காத்தாடி எவ்வளவு கௌரவமான பேர் என்று பொறாமையாக இருந்தது.

அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் மாமி சாப்பாடு வைத்தாள். இடியாப்பம் இருந்தது. பக்கத்தில் சீனி. தண்ணீர்ச் செம்பைக் காணோம்.

"ஆணம் இல்லையா மாமி?"

"ராத்திரிக்குக் கொழம்பெல்லாம் வேணாம் மாப்புள. தண்ணிப் பொருளு."

இனிமேல் பொறுக்க முடியாது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். "மாமி, அந்த ரூமு இருக்குல்ல..."

"எங்க வாப்பா பர்மாத் தேக்கு போட்டுக் கட்டுன ரூமு," என்றாள் அவள், முகம் மலர்ந்து. "எத்தனையோ புயலைப் பாத்தாச்சு. ஒரு சொட்டு உள்ள வந்ததில்ல."

இஃபாத் வாயில் வந்ததை இடியாப்பத்தோடு விழுங்கினான்.

மாமி முந்தானைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். சுவரைப் பார்த்தபடி பேசினாள். "பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கிட்ட தண்ணி ஓதி வாங்கியாந்தேன். யாருக்கோன்னுதான் சொன்னேன், உங்க பேரைச் சொல்லல. சங்கடப்படாதீங்க மாப்புள. உங்க மாமாவுக்கும் புதுசுல இது இருந்துச்சு."

கூடத்தில் பேப்பர் அசைந்தது.

"நான் பேறுகாலத்துக்கு உள்ரூம்ல கெடந்தேன். அவங்க தனியா அந்த ரூம்ல. பாவம், யாருக்கும் தெரியாம கைலிய அலசிப் போடுவாங்க. ஓதுன தண்ணிதான் குடுத்தோம். மழைக்காலம் முடியறதுக்குள்ள சுத்தமா நின்னுபோச்சு. ஆனாலும் அந்த ரூமே வேணாம்னு கெணத்தடி ரூமுக்கு மாறிட்டாங்க. அப்புறம் உங்க கல்யாணத்துக்குத்தான் தொறந்தோம்."

அவள் வீட்டுக் கூரையைக் குறை சொல்வதா, படுக்கையை நனைக்கிற மாப்பிள்ளை என்ற பேரோடு இருப்பதா? இஃபாத் பாட்டிலை வாங்கினான். பிஸ்மில்லா சொல்லி, கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

மாமி நிம்மதியாகச் சமையலறைக்குப் போனாள்.

அவன் அறைக்கு வந்து ரப்பர் ஷீட்டை விரித்துக்கொண்டிருந்தான். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. கதவு திறந்தது. மாமா குடையோடு உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். இஃபாத் தலையைக் குனிந்துகொண்டான். புத்தி சொல்லப் போகிறார், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மாமா கட்டிலைப் பார்க்கவில்லை. ஷீட்டையும் பார்க்கவில்லை. அண்ணாந்தார். குடை நுனியால் மேற்கட்டித் துணியில் ஓரிடத்தை, தேட வேண்டிய அவசியமே இல்லாமல், சரியாகத் தொட்டார். தேங்கியிருந்த மஞ்சள் தண்ணீர் மெத்தை நடுவில் சொட்டியது.

"மூணாவது உத்தரத்துக்குப் பக்கத்துலதானே மாப்புள? எனக்கும் அங்கேருந்துதான் ஒழுகுச்சு. பொண்ணு குடுத்த வீட்ல எப்புடிச் சொல்றது?"